குரல் நின்றால் கிரேன் நிற்கும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கை கால் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டேன், இருபதும் பத்திரமாக இருக்கின்றன. மாமாவும் சின்னவளும் சௌக்கியம்தானே? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மருந்துக் கடையிலேயே வேலை பார்த்துக்கொண்டு மாத்திரை போட மறக்கிற ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டுகிறார்கள். நடுவில் ஒரு கிரேன் நிற்கிறது. அக்கா, அதை அண்ணாந்து பார்க்கப் போய் முதல் நாளே என் தலைக்கவசம் கழன்று பின்னால் விழுந்தது. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏறி உட்காருகிறவர் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். அவருக்கு இங்கே ‘மேலிடம்’ என்று பெயர். “மேலிடம் என்ன சொல்லுது?”, “மேலிடத்து உத்தரவு வரட்டும்பா” என்று எல்லாரும் சிரிக்காமலே பேசிக்கொள்கிறார்கள். மேலிடம் என் வயதுப் பெண் என்பது மூன்றாம் நாள் அவர் இறங்கி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சுமையில் கொக்கி மாட்டிவிட்டு மேலே பார்த்துச் சைகை காட்டுவது என் வேலை. விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்கு, கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு, கையை நீட்டி விறைப்பாக வைத்தால் நில். இரண்டு டன் கம்பிக்கட்டு என் ஒரு விரலுக்குக் கட்டுப்பட்டு ஆகாயத்தில் போகிறது. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை இது.

“அளந்து பேசுறான்யா, இந்த மாதிரி ஆளுதான் வேணும்” என்று சூப்பர்வைசர் மற்றவர்களிடம் சொன்னாராம். எனக்குத் திக்கும் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மாத்திரையைப் போடு.

உன் தம்பி

*

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். மாமா “பரீட்சை ஏதும் எழுதப் போறியா?” என்று கேட்டார். எல்லாரும் நன்றாக இருக்கிறோம். முதுகு அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன்.

பேசத் தேவையில்லாத வேலை என்று படித்ததும் எனக்கு உயிரே வந்தது. உன்னைத் தனியாக அனுப்பிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பஸ்ஸில் டிக்கெட் கேட்பானா, கடையில் சோப்பு கேட்பானா, வாடகை வீட்டுக்காரரிடம் என்ன சொல்வான் என்று அடுப்படியில் நின்று புலம்பிக்கொண்டிருந்தேன். நான் பக்கத்தில் இருந்தவரை உனக்கு என்ன குறை இருந்தது? நீ முதல் எழுத்தைத் தொடங்கினால் போதும், மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் உன்னைப் பாட்டு ஒப்பிக்கச் சொல்லி வகுப்பே சிரித்தபோது பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்து நானே ஒப்பித்துவிட்டுப் போனேனே, அதற்கு வாங்கிய அடி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது!

அங்கே பேச வேண்டிய வேலை எது வந்தாலும் தலையைக் காட்டாதே. கை போதும் உனக்கு.

சின்னவள் உனக்கு ஒரு கிரேன் வரைந்திருக்கிறாள், இத்துடன் இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கி என்று நினைத்துவிடாதே.

அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஒட்டகச்சிவிங்கி என்றுதான் நினைத்தேன், சின்னவளிடம் சொல்லாதே.

கட்டடம் ஆறு மாடி எழும்பிவிட்டது. இப்போது ஒரு சிக்கல். கட்டடத்துக்கு உள்ளேயும் பின்பக்கமும் சுமை இறக்கும்போது கூண்டிலிருந்து ஒன்றும் தெரியாது. கீழே நிற்பவனின் கையும் தெரியாது. ஆகவே வாக்கி டாக்கி வந்துவிட்டது. மேலிடம் கண்ணை மூடிக்கொண்டு இறக்குகிற மாதிரிதான், கீழே இருந்து ஒரு குரல் வழி சொல்ல வேண்டும். “இறக்கு, இறக்கு, இறக்கு” என்று அடி அடியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கிரேன் நிற்கும். அதுதான் சட்டம். அந்த ஒரு குரலைத் தவிர வேறு யார் வழி சொன்னாலும் மேலிடம் அசையக் கூடாது.

கொக்கி மாட்டுகிற எங்கள் ஆறு பேரில் யார் கையில் அதைக் கொடுப்பது என்று சூப்பர்வைசர் யோசித்துக்கொண்டிருக்கிறார். இதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

உன் தம்பி

*

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் ‘நலம்’ என்று எழுத எனக்கு வரவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே பதில் போட்டேன், ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ‘பிறகு எழுதுகிறேன்’ என்றாயே, அந்தப் பிறகு எப்போது வரும்? வாக்கி டாக்கியை உன் கையில் திணித்துவிட்டார்களா? முடியாது என்று சொல்லக்கூட அங்கே உனக்கு வாய் வராதே!

நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். உன் மௌனத்தைப் படிக்க என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? நீ பயந்து போயிருக்கிறாய். ராத்திரி தூங்குவதில்லை. யாரோ சிரித்திருக்கிறார்கள். எல்லாம் எனக்குத் தெரிகிறது.

கவலைப்படாதே. அக்கா இருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய சூப்பர்வைசர் அவர்களுக்கு வணக்கம்.

தங்களிடம் கொக்கி மாட்டும் வேலை பார்க்கும் பையனின் அக்கா எழுதுகிறேன். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து திக்குவாய். அவனாக இதைச் சொல்ல மாட்டான். வாக்கி டாக்கியில் பேசுகிற வேலையைத் தயவுசெய்து அவனுக்குக் கொடுக்காதீர்கள். பேச்சு நின்றுபோய் அதனால் ஒரு உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவன் தாங்க மாட்டான், நானும் தாங்க மாட்டேன். கையால் செய்கிற வேலை எதுவானாலும் அவனைப் போல் ஒருவன் கிடைக்க மாட்டான். நான் எழுதியது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

தங்களைக் கூடப்பிறந்தவராக நினைத்துக் கேட்கிறேன்.

மரியாதையுடன்,
அக்கா

*

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. முதுகுவலி குறைந்திருக்கிறது. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, “தாத்தா” என்று சொன்னால் காற்றுதான் வருகிறது. மாமா புதுச் செருப்பு வாங்கி, அதே நாளில் ஒன்றைத் தொலைத்தார்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்கா அவர்களுக்கு,

என்னை இங்கே மேலிடம் என்று கூப்பிடுவார்கள். கிரேன் ஓட்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சூப்பர்வைசருக்கு எழுதியதை அவர் என்னிடம் காட்டினார். உங்களுக்குத் தெரியாத சிலதைச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி கடைசியிலிருந்து வாக்கி டாக்கி உங்கள் தம்பி கையில்தான் இருந்தது. யாரும் திணிக்கவில்லை, அவராகக் கேட்டு வாங்கினார். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார், “எ… எனக்குத் திக்கும். நான் நின்னா நீங்க நின்னுடுங்க” என்று. “அதானே இங்க சட்டமே” என்றேன். ஒரே சொல்லைத் தாளம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லும்போது அவருக்குத் திக்குவதே இல்லை. சொல் மாறும்போதுதான் சிரமம். அப்போது குரல் நிற்கும். நான் நிற்பேன். வந்ததும் நகர்வேன். ஐந்து வாரத்தில் ஒரு செங்கல்கூட உரசவில்லை.

இதற்கு முன்னால் நான் கிரேன் ஓட்டிய இடத்தில் வழி சொன்னவர் நன்றாகப் பேசுவார். வாய் ஓயாது, கண் ஓய்ந்துவிடும். தெரியாத நேரத்திலும் “வா வா வா” என்பார். அவரை நம்பி ஒரு சுவரை இடித்தேன். உங்கள் தம்பி தெரியாததைச் சொல்ல மாட்டார். எனக்கு மேலே வேண்டியது அதுதான்.

உங்கள் கடிதத்தைப் பார்த்து சூப்பர்வைசர் பயந்துவிட்டார். அன்றே உங்கள் தம்பியைக் கிடங்குக்கு மாற்றி, கட்டுகளில் சீட்டு ஒட்டச் சொன்னார். கடிதம் மேசைமேல் விரித்தபடி கிடந்தது. உங்கள் கையெழுத்து அவருக்குத் தெரியாதா?

“நான் போய்ப் பேசட்டுமா?” என்று கேட்டேன். “வே… வேண்டாம். எனக்காகப் பேச இதோட எல்லாரும் நிறுத்திக்கட்டும்” என்றார்.

இப்படிக்கு,
மேலிடம்

*

ஏப்ரல் 30

அக்கா,

நலம்.

நீ நல்லதுதான் நினைத்தாய். அது எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் போக மாட்டேன் என்கிறது.

நான் எழுதாமல் இருந்தது பயந்துபோய் அல்ல. ஜூனில் இங்கே ஒரு பெரிய வேலை இருக்கிறது. அதை முடித்துவிட்டு ஒரேயடியாகச் சொல்லி உன்னை அசத்த வேண்டும் என்று அடக்கி வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தையாவது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நானே சொல்ல ஆசைப்பட்டேன். அதையும் நீ முடித்துவிட்டாய். தப்பாக முடித்துவிட்டாய்.

சூப்பர்வைசரிடம் நானே போய்ப் பேசினேன். நாலே நாலு வாக்கியம்தான், பதினோரு நிமிடம் ஆயிற்று. நடுவில் அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு தடவை எனக்குப் பதிலாகச் சொல்லப் பார்த்தார். கையை நீட்டி ‘நில்’ என்று சைகை காட்டினேன். நின்றார். ஒரு மாதம் மணல் மூட்டைகளை இறக்கிக் காட்டு, பார்க்கலாம் என்றிருக்கிறார்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

*

மே 7

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

தப்பு என்னுடையது. உன் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டுவிட்டேன். ‘ஆனால்’ என்று ஒரு வரி எழுதினேன், அடித்துவிட்டேன். திரும்ப எழுதினேன், திரும்ப அடித்தேன். மாமா பார்த்துவிட்டு, “முதல் தடவையா உனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லாமப் போச்சு” என்றார். அவருடன் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

நீ எழுதும்வரை காத்திருப்பேன்.

அக்கா

*

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை வழக்கத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே.

மணல் மூட்டை ஒரு மாதம் இறக்கினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, மூட்டை மூட்டையாகத்தான் இருந்தது. கடைசி நாள் சூப்பர்வைசர் வாக்கி டாக்கியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

போன செவ்வாய்க்கிழமைதான் நான் சொன்ன பெரிய வேலை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்கு ஜெனரேட்டர் இறக்க வேண்டும். ஆறு டன். ஆறு மாடிக்கும் நடுவே கிணறு மாதிரி ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள், அது வழியாகத்தான் இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி. கூண்டிலிருந்து ஒன்றுமே தெரியாது. நான் கீழே ஓரமாக நின்றேன். மாடி மாடியாக ஆட்கள், அறுபது பேர் இருக்கும், எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணாந்து பார்த்தேன். சதுரமாக வானம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சதுரத்துக்குள் ஜெனரேட்டர் வந்தது. வானம் மூடிக்கொண்டது. கீழே இருட்டிவிட்டது அக்கா, பட்டப்பகலில். அத்தனை பெரிய பொருள் என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. “இறக்கு, இறக்கு, இறக்கு.” ஐந்தாவது மாடி தாண்டியது. நாலாவது தாண்டியது.

இரண்டாவது மாடியில் மெல்லத் திரும்பி வலதுபக்கச் சுவரை நோக்கிச் சாய்ந்தது. ‘இடது’ என்று சொல்ல வேண்டும். சொல் வரவில்லை. தொண்டையில் கதவைச் சாத்தியது போல இருந்தது. குரல் நின்றது. கிரேன் நின்றது. ஆறு டன் எனக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யாராவது அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். கடைக்காரர், வாத்தியார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், நீ. அறுபது பேருக்கும் அந்தச் சொல் என்னவென்று தெரியும், கண்ணால் பார்க்கிறார்களே. நானும் காத்திருந்தேன், யாராவது சொல்லிவிடுவார்கள் என்று.

யாரும் சொல்லவில்லை அக்கா. சொன்னாலும் மேலிடம் அசைய மாட்டார், அது என் குரலாக இருந்தால்தான் கணக்கு. சூப்பர்வைசர் வாயைத் திறந்தார், தன் கையாலேயே பொத்திக்கொண்டார். மேலே கூண்டில் அவருக்கு என் மூச்சு மட்டும் கேட்டிருக்கும். அவரும் “என்ன ஆச்சு?” என்று விசாரிக்கவில்லை. ஒரு இருமல் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று என்று பிறகு சொன்னார்கள். அத்தனை பெரிய இடம், அத்தனை பேர், அந்த இரும்பு, எல்லாம் எனக்காகச் சும்மா நின்றன. என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அவசரம் எனக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது, வேறு யாருக்கும் இல்லை. அது புரிந்ததும் தோள் இரண்டும் தானாக இறங்கின.

“இடது” என்றேன். நகர்ந்தது. “இறக்கு” என்றேன். இறங்கியது.

தரையில் உட்கார்ந்ததும் யாரும் கைதட்டவில்லை, அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். மேலிடம் இறங்கி வந்து, “டீ ஆறிப்போச்சு, வேற சொல்லுங்க” என்றார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன்.

மறுநாள் காலை வாக்கி டாக்கியை எடுத்தேன், பயந்து திரும்ப வைத்தேன், மறுபடி எடுத்தேன். தைரியம் என்பது ஒரு தடவை வந்துவிட்டால் இருந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை போலிருக்கிறது. பல் தேய்ப்பது மாதிரி தினமும் காலையில் செய்ய வேண்டியிருக்கிறது. செய்துகொண்டிருக்கிறேன்.

உன்மேல் கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணுகிறேன். ஆமாம், நான்தான், போன். எடுத்துவிட்டுச் சும்மா இரு. நான் சொல்லி முடிக்கிறவரைக்கும் சும்மா இரு. உன்னால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

உன் தம்பி

*

ஜூன் 29

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். மாத்திரை போட்டுவிட்டேன், நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பார், இந்தப் புத்தி உடனே போகுமா?

ஞாயிறன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். போனில் உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும், என் பக்கமும் ஒன்று நடந்தது.

ஒன்பது மணிக்கே போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாமா சின்னவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மணி அடித்தது. எடுத்தேன். மூச்சு கேட்டது. பிறகு ‘அ’ என்று கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

தம்பி, எனக்குத் தெரியும் அது என்ன சொல் என்று. எனக்கு வாய் துறுதுறுத்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன், பொய் இல்லை. நீ திண்டாடுவதைப் பார்த்து நிற்க என்னால் முடிந்ததே இல்லை. அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது, இத்தனை வருஷமும் நான் முடித்து வைத்தது உனக்காக அல்ல. எனக்குத்தான் பொறுக்கவில்லை. உனக்கு உதவி என்று பெயர் வைத்துக்கொண்டு என் தவிப்பைத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிடு.

சும்மா இருந்தேன். சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நீயும் அங்கே சும்மா இருந்தாய், ஆனால் போகவில்லை. நீ அங்கே நின்று அதைத் தள்ளிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. ஆறு டன் இரும்பு தலைக்கு மேலே நிற்க, அறுபது பேர் பார்க்க, இப்படித்தான் நின்றாயா? என் தம்பியா அது? நான் உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்திருக்கிறேன், உனக்கு மூக்குச் சிந்திவிட்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய ஆளைத் தூக்கித் திரிந்தோம் என்று அப்போது எனக்குத் தெரியவே இல்லை.

பிறகு சொன்னாய். அதற்கப்புறம் அரை மணி நேரம் என்னென்னவோ பேசினாய், நான் ‘ம்’ மட்டும்தான் போட்டேன், எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அந்த முதல் சொல்லுக்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு எதுவுமே காதில் விழவில்லை.

நீ ‘அ’ என்று தொடங்கினாலே “என்னடா?” என்று திரும்பிவிடுவேன். குழந்தையிலிருந்து அப்படித்தான். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட உன்னை முழுதாக அப்படிக் கூப்பிட விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி நாலு நிமிடத்துக்குத்தான் அந்தச் சொல்லை உன் வாயால் முதன்முதலாகக் கேட்டேன்.

இப்படிக்கு,
அக்கா